கட்டைவிரலும் எழுதுகோலும்

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகில், சமணர் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கீழக்குயில்குடி. தாமரைக் குளம், தழைத்த ஆலமரம், அய்யனார் கோயில். மலைமீது ஏறினால் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் உருவங்கள். அவற்றின் அடியில் வட்டெழுத்து. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே கல்லைப் பேச வைத்த மண் அது! அந்த மண்ணின் மக்களை 1914ஆம் ஆண்டில் அரசாங்கம் வரிசையில் நிறுத்தியது. கேட்டது கையெழுத்தையா? இல்லை, கைரேகையை!

அமெரிக்க நாவலாசிரியர் ஜாக் லண்டனைப் பற்றி எழுதப் புகுந்த நாம் கீழக்குயில்குடியில் தொடங்குவானேன் என்று தோழர்கள் வினவக்கூடும். அவருடைய வாழ்வும் இவ்வூரின் வரலாறும் ஒரே கேள்வியைத்தான் நம்முன் வைக்கின்றன. குற்றம் இருப்பது பிறப்பிலா, பிழைப்பிலா?

1876ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர் லண்டன். வறுமையே அவருக்குச் செவிலி என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் உண்மையான செவிலி ஒருவர் இருந்தார். அடிமையாய்ப் பிறந்து விடுதலை பெற்ற வெர்ஜினியா பிரென்டிஸ் என்ற கறுப்பின அம்மையார். ஓடியாடித் திரிய வேண்டிய வயதில் சிறுவன், உணவுப் பொருளை டப்பாவில் அடைக்கும் ஆலைக்குச் சென்றான். மணிக்குப் பத்து சென்ட் கூலி. அந்தச் செக்கிலிருந்து தப்ப, செவிலித்தாயிடம் கடன் வாங்கி ஒரு படகு வாங்கினான். மீன் பிடிக்கவா? சிப்பி திருட! விரிகுடாவில் பணம் படைத்தோர் வளைத்து வைத்திருந்த சிப்பிப் படுகைகளில் இரவிலே புகுந்து அள்ளுவது, விடிந்ததும் ஓக்லாந்துச் சந்தையிலே விற்பது. அப்போது வயது பதினைந்து.

சில திங்கள் சென்றன. அதே பையன் கலிபோர்னிய மீன்வளக் காவற்படையில் சேர்ந்தான். நேற்றுத் திருடன், இன்று காவலன்! எந்த வளைவில் எவன் ஒளிவான் என்பது திருடியவனுக்குத் தெரியாதா? அந்த நாட்களைப் பின்னர் 1905ஆம் ஆண்டில் கதைத் தொகுப்பாகவே வெளியிட்டார் லண்டன். படித்த அமெரிக்கா கை தட்டிற்று.

மதுரை வட்டாரத்தாருக்கு இது புதுமையா? பிறமலைக் கள்ளர் ஊர்கள் பலவற்றின் பழைய தொழில் காவல். கூலி கொடுத்த ஊரில் களவு போனால் காவற்காரன் பொருளை மீட்டுத் தருவான். இல்லையேல் ஈடு கட்டுவான். கொடாத ஊரில் மாடு காணாமற் போகும். துப்புக்கூலி கொடுத்தால் திரும்பி வரும். இதற்கு நாம் பொன்முலாம் பூச வரவில்லை. கூலி கொடுத்துச் சலித்த குடியானவர்கள் 1896ஆம் ஆண்டில் திண்டுக்கல் பக்கம் காவலை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆயினும் அது ஓர் ஏற்பாடு. வானம் பார்த்த பூமியிலே வயிறு கண்ட வழி. குருதியிலே ஓடிய நஞ்சு அன்று.

லண்டனும் சட்டத்தின் கையிலே சிக்கினார். திருடிய நாளிலே அல்ல, ஒன்றும் செய்யாத நாளிலே! 1894ஆம் ஆண்டு அமெரிக்காவில் வேலையின்மை தலைவிரித்தாடிற்று. வேலையற்றோர் படையொன்று தலைநகரை நோக்கிப் புறப்பட்டது. அதிலே சேர்ந்து, பிறகு பிரிந்து, தனியே அலைந்த பதினெட்டு வயது இளைஞர் நயாகரா நீர்வீழ்ச்சியைக் காணச் சென்றார். பிடித்தனர். வீடில்லை, வேலையில்லை என்பதே குற்றம். வழக்கு முடியச் சில நொடிகள். வாய் திறக்க வாய்ப்பில்லை. முப்பது நாள் சிறை!

முப்பது நாள் கழிந்தது, கதவு திறந்தது. கீழக்குயில்குடிக்கோ கதவு திறக்கவில்லை.

குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் 1871ஆம் ஆண்டில் வட இந்தியாவிலே தோன்றிற்று. நெசவும் தச்சும் இந்நாட்டில் பரம்பரைத் தொழிலாக இருக்கின்றன, ஆகவே குற்றமும் பரம்பரைத் தொழிலாகவே இருக்க வேண்டும் என்பது அதற்காகச் சொல்லப்பட்ட வாதம். எங்கே கற்றான் வெள்ளையன் இந்தப் பாடத்தை? மனு வைத்த பள்ளியிலே! தொழில் பிறப்பால் வருவது என்று நம்மவர் ஏட்டில் எழுதி வைத்திருந்தார்கள்; அவன் அதற்குச் சட்ட எண் கொடுத்தான், அவ்வளவே.

1911ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. பிறமலைக் கள்ளர் ஊர்களில் அது முதலில் பாய்ந்த ஊர் கீழக்குயில்குடி. ஊரார் அதற்கு இட்ட பெயர் ரேகைச் சட்டம். வயது வந்த ஆண்கள் விரலை மையில் உருட்டிப் பதிய வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ வந்து படுக்க வேண்டும். புது மணமகனும் அங்கேதான், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட தகப்பனும் அங்கேதான். வாழ்நாளில் ஒரு முருங்கைக்காயைக்கூடத் திருடாதவனும் அங்கேதான்! ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி பேசிற்று. மாயக்காள் என்ற பெண் உள்ளிட்ட பதினாறு பேர் மாண்டனர்.

மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அவர்களுக்காக வாதாடினார். முத்துராமலிங்கத் தேவரும், பொதுவுடைமைத் தோழர் பி. இராமமூர்த்தியும் சட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். நீதிக்கட்சி அமைச்சரவை இருந்த காலத்திலும் அந்தச் சட்டம் நீடித்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. காவல்துறை அன்று அமைச்சர் கையில் இல்லை என்பது விளக்கமாகுமே தவிர, ஆறுதலாகாது. 1947ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது.

சிறை மீண்ட லண்டன் செய்ததென்ன? உயர்நிலைப் பள்ளியிலே சேர்ந்தார், நூலகத்தை விழுங்கினார், சமதர்மக் கட்சியிலே சேர்ந்தார். 1897ஆம் ஆண்டில் பொன் தேடிக் கிளாண்டைக் பனிவெளிக்குப் போனார். கிடைத்தது பொன்னல்ல; பல்லீறு வீங்கும் நோயும், ஆயுளுக்குப் போதுமான கதைகளும்! நாளுக்கு ஆயிரம் சொல் என்று விதித்துக்கொண்டு எழுதினார். 1903ஆம் ஆண்டில் வந்த 'கானகத்தின் குரல்' அவரை உலகறியச் செய்தது, பெ. தூரன் அதனைத் தமிழில் தந்தார். பனியிலே சறுக்குவண்டி இழுக்கும் நாயின் கதையென்று சிறுவர் படிக்கிறார்கள். தடிக்கொம்பின் முன் நாய் கற்கும் பாடத்தைச் சாவடியிலே படுத்த மனிதர் படித்திருந்தால், நாயின் கதையென்று நினைத்திருப்பாரா? முதலாளித்துவக் கொடுங்கோலைச் சித்திரிக்கும் 'இரும்புக் குதிகால்' 1908ஆம் ஆண்டில் வெளிவந்தது. நம் இளைஞர்கள் முதலில் எடுக்க வேண்டியது அதுவே. தம் அலைச்சலையும் அந்த முப்பது நாளையும் 1907ஆம் ஆண்டில் 'சாலை' என்னும் நூலாக்கினார்.

இனி, கசப்பான ஒன்று. இவ்வளவும் கண்டவர், வெள்ளை இனமே மேம்பட்டது என்று நம்பினார்! 1908ஆம் ஆண்டு சிட்னியில் கறுப்பின வீரர் ஜாக் ஜான்சன் குத்துச்சண்டைப் பட்டத்தை வென்றபோது, ஓய்விலிருந்த ஜெப்ரீஸ் வந்து வெள்ளையர் மானத்தைக் காக்க வேண்டும் என்று எழுதினார். 1910ஆம் ஆண்டில் ஜெப்ரீசும் வந்தார், வாங்கிக்கொண்டு போனார். படகுக்குக் கடன் கொடுத்த அந்தக் கரம் என்ன நிறமென்று லண்டனுக்கு நினைவு வரவில்லையா? தான் குற்றவாளி அல்லன், வறுமையே குற்றவாளி என்று தன் கதையிலே தெளிந்தவர், பிறருக்கு மட்டும் பிறப்பென்னும் அளவுகோலை எடுத்தார். கீழக்குயில்குடியில் மைப்பெட்டியோடு வந்த அதிகாரி கையிலும் இருந்தது அதே அளவுகோல்தான். 1916ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், நாற்பது வயதில், லண்டன் மறைந்தார். நூல்களை வாங்குவோம், படிப்போம். அளவுகோலை அவரிடமே விட்டுவிடுவோம்.

கீழக்குயில்குடியின் இரவுகளுக்கும் ஒரு நாவல் வந்தது. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்டது. 2011ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. அதிலே வரும் தாதனூர், இந்த ஊரை மனத்தில் வைத்து எழுந்ததே. களவும் காவலும் கன்னமும் கதையாகின்றன. தடயமின்றி இரவிலே நடந்த கால்களின் ஓசை ஏட்டிலே கேட்கிறது. முப்பது நாள் சிறை கண்ட அமெரிக்கர், பதின்மூன்றே ஆண்டில் தம் கதையைத் தம் கையாலேயே எழுதி முடித்தார். 1914ஆம் ஆண்டில் விரல் பதித்த ஊரின் கதை நாவலாக அச்சேறியது 2008ஆம் ஆண்டில். இடையே தொண்ணூற்று நான்கு ஆண்டு.