வளைவுச் சுவரும் அதில் வைத்த ஜன்னலும்

வட்டமாகச் சுவர் எழுப்புவது மனித குலத்துக்குப் புதிய வித்தையன்று. நடுவில் ஒரு முளையை அடித்து, அதில் கயிற்றைக் கட்டி, மறுமுனையால் தரையில் கோடு கிழித்துவிட்டால், கணிதம் படியாத கொத்தனாரும் பிசகில்லாத விருத்தம் ஒன்றை அமைத்துவிடுவார். களஞ்சியமும் காவற்கோபுரமும் கிணற்றுச் சுவரும் அவ்விதமே எழுந்தன. சங்கடம் ஆரம்பமாவது, அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் வேண்டுமென்று வீட்டுக்காரர் கேட்கும்போதுதான். செங்கல் சிறியதாகையால் வளைவுக்கு எளிதில் இணங்கும். ஜன்னலோ நேரான மரச் சட்டமும் தட்டையான கண்ணாடியும் கொண்டது, எளிதில் இணங்காது. வளைந்த கட்டிடங்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் சுவரைக் கண்டு வியந்ததோடு நின்றுவிட்டனர்; அச்சரித்திரத்தின் சாரம் ஜன்னலில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

சிறிது கணக்குப் பார்த்தால் இது விளங்கும். 3 மீட்டர் ஆரமுள்ள சுவரில் 120 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு ஜன்னலை வைத்தால், சுவர் வில்லாகவும் சட்டம் அதன் நாணாகவும் நிற்கும். நடுவில் இரண்டுக்கும் உள்ள விலகல் 6 சென்டிமீட்டர். இது ஏறக்குறைய நிலைச் சட்டத்தின் பருமனுக்குச் சமம். ஆகவே சட்டத்தின் நடுப்பாகத்தைச் சுவரோடு ஒட்டினால் ஓரங்கள் வெளியே துருத்தும், ஓரங்களை ஒட்டினால் நடுப்பாகம் உள்ளே அமிழ்ந்து, அடிக்கட்டையின்மேல் பிறைவடிவமான ஒரு திட்டு மிஞ்சி, மழை நீர் அதில் தேங்கும். திறப்பின் பக்கவாட்டுகளை எப்படி வெட்டுவது என்பது அடுத்த கேள்வி. ஒன்றுக்கொன்று இணையாக வெட்டினால் தச்சருக்கு எளிது. வட்டத்தின் மையத்தை நோக்கிச் சாய்த்து வெட்டினால் கொத்தனாருக்கு இயல்பு. பின்னதைக் கைக்கொண்டால், 23 சென்டிமீட்டர் கனமுள்ள அதே சுவரில், வெளிப்புறத் திறப்பு உட்புறத்தைவிட ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் அகன்றுவிடும். ஆரம் பெருகப் பெருக இந்தத் தொல்லைகள் யாவும் தேய்ந்துபோகும். பத்து மீட்டர் ஆரத்தில் அந்த விலகல் 2 சென்டிமீட்டரைக்கூட எட்டாது.

இங்கிலாந்தின் பாத் நகரத்துச் சிற்பிகள் அனுபவித்த நிம்மதியின் காரணம் இதுவே. மூத்த ஜான் உட் திட்டமிட்டு, 1754-இல் அவர் காலமானபின் மகனால் 1768-இல் முடிக்கப்பட்ட ‘சர்க்கஸ்’ என்னும் வட்ட வீதியின் குறுக்களவு 318 அடி. இத்தகைய விருத்தத்தில் நாலடி அகலமுள்ள ஜன்னல் ஒன்று விலகுவது 4 மில்லிமீட்டருக்கும் குறைவு; சாந்து பூசும் கரண்டி அதை விழுங்கிவிடும். இளைய உட் 1767 முதல் 1774 வரை கட்டிய ‘ராயல் கிரசென்ட்’ பிறைவீதியின் 30 வீடுகளிலும் இதே சௌகரியம்தான். வீதியிலிருந்து நோக்கினால் ஒரே வில்லாகத் தோன்றும் அம்முகப்பின் பின்னால், வீட்டை வாங்கியவர்கள் தத்தம் விருப்பப்படி கட்டிக்கொண்டார்களாதலால், கொல்லைப்புறத்தில் ஒழுங்கு என்பதே கிடையாது. முகப்புக்கு இருக்கும் மரியாதை முதுகுக்கு ஏது?

ஜன்னலோடுதான் சங்கடம் ஆரம்பமாகிறது என்பதற்கு நம் சென்னைக் கடற்கரையிலும் ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காகப் பிரெடரிக் டியூடர் 1842-இல் கட்டிய, வட்டமான முகப்பையுடைய ஐஸ் ஹவுஸுக்கு ஜன்னலைப் பற்றிய கவலையே கிடையாது. வெயிலும் காற்றும் உள்ளே புகாதிருப்பதே அதன் தர்மம். பிற்காலத்தில் அதை விலைக்கு வாங்கிக் குடியிருப்பாக்க முனைந்த வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார், வளைவான தாழ்வாரங்களை அமைத்து அதை வீடாக்க வேண்டியதாயிற்று. 1897-இல் விவேகானந்தர் தங்கியது இவ்விதம் உருமாறிய மாளிகையில்தான்.

வளைவு எளிய வட்டமாக அமையாத இடங்களில் கயிறும் முளையும் மட்டும் உதவா. பிரான்சில் பிலிபேர் தெ லோர்ம், மன்னனின் சிறு அறையொன்றைத் தாங்க அனே மாளிகையில் வளைந்த கல் தாங்கி ஒன்றை அமைத்து, ஒவ்வொரு கல்லையும் எந்தக் கோணத்தில் வெட்டுவதென்ற வரைமுறையைத் தம் 1567-ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். அக்கலையைச் சாஸ்திரமாக்கிய காஸ்பார் மோஞ்சின் வடிவியலைப் பிரெஞ்சு இராணுவம் பல ஆண்டு ரகசியமாக வைத்திருந்தது. அது நூலாக வெளிவந்தது 1799-இல்.

இருபதாம் நூற்றாண்டில் எரிக் மெண்டல்சோன் என்ற ஜெர்மானியர், யுத்தகளத்தில் சிறு சிறு தாள்களில் கிறுக்கி வைத்த கனவுகளில் ஒன்றைப் பாட்ஸ்டாமில் கட்டிடமாக்கினார். ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையைச் சோதிப்பதற்காக எர்வின் பிராய்ண்ட்லிச் என்ற வானியலாளருக்கென எழுப்பப்பட்ட அந்தக் கோபுரத்தின் உடல் 1921-இல் முடிந்தது. முழுவதும் கான்கிரீட்டால் வார்க்கவேண்டுமென்பது சிற்பியின் எண்ணம். ஆனால் இருதிசையிலும் வளைகின்ற பரப்புகளுக்குப் பலகையடித்து அச்சுக் கட்டுவது அக்காலத்தில் அத்தனை எளிதாயில்லை. யுத்தத்துக்குப் பிந்திய தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ளவே, பெரும்பாகத்தைச் செங்கல்லால் கட்டி, மேலே பூச்சிட்டு, கான்கிரீட் போலத் தோன்றச் செய்தார்கள். அந்தப் பொய்க்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1927-இலேயே பழுதுபார்க்கத் தொடங்கவேண்டியதாயிற்று. ஜன்னல் விஷயத்தில் மட்டும் மெண்டல்சோன் பலே ஆசாமி. அவற்றை ஆழமான குடைவுகளுக்குள் ஒதுக்கி, சுவர் அவற்றைச் சுற்றி வழிந்துபோகுமாறு செய்ததால், சட்டத்தின் நேர்கோடு நிழலுக்குள் மறைந்துபோகிறது.

இதற்கிடையில் வளைவை வரைகின்ற வேறொரு பரம்பரை கப்பற்கூடங்களில் வளர்ந்து வந்தது. கூடத்தின் தரையில் கப்பலை முழு அளவில் வரையும் தொழிலாளர், மெல்லிய மரப்பட்டையை வளைத்து, ஆங்காங்கே ஈயக் கட்டிகளால் அழுத்தி, அது தானாகக் கொள்ளும் இணக்கமான வளைவைப் பின்பற்றிக் கோடிழுப்பார்கள். அந்த மரப்பட்டை செய்த வேலையைச் சமன்பாட்டால் செய்யும் முயற்சி மோட்டார்க் கார்த் தொழிலில் பலித்தது. சித்ரோயன் நிறுவனத்தில் போல் தெ காஸ்தல்ஜோ 1959-இலேயே அதற்கான முறையைக் கண்டறிந்தபோதிலும், நிறுவனம் அதைப் பூட்டி வைத்ததால், ரெனோ நிறுவனத்தின் பியேர் பெசியே தமது முறையை வெளியிட்டபோது அவ்வளைவு அவர் பெயரையே தாங்கிற்று. புகழுக்கும் பூட்டுக்கும் ஆகாது போலும்.

கணினித் திரையில் கோடும் வட்ட வில்லும் ஒளிப்பேனாவால் வரையும் ‘ஸ்கெட்ச்பேட்’ முறையை ஐவன் சதர்லாந்து 1963-இல் காட்டினார். ஆயினும் திரையில் தோன்றும் கோடு சுவராகிவிடாது. கட்டிடத்தைக் கோடுகளாகவன்றி, சுவர், கதவு, ஜன்னல் என்ற உறுப்புகளாகவே கணினியில் பதிந்துவைத்து, வேண்டிய வரைபடங்களை அதிலிருந்து பிறப்பிக்கலாம் என்று 1970-களின் நடுவில் சார்ல்ஸ் ஈஸ்ட்மன் முன்வைத்த யோசனையே பெரிய திருப்பம். புடாபெஸ்டில் கேபோர் போயார் 1982-இல் தொடங்கிய கிராஃபிசாஃப்டின் ‘ஆர்ச்சிகேட்’டும், 2000-இல் வெளிவந்து இரண்டே ஆண்டில் ஆட்டோடெஸ்க் கைக்குப் போன ‘ரெவிட்’டும் இந்த யோசனையின் சந்ததிகள்.

இந்தக் கணினி நிரல்களில் ஜன்னலுக்கென்று தனி வாழ்வில்லை. சுவரை வில்லாக இழுத்து, கனமும் உயரமும் கொடுத்தபின், அதன்மேல் ஜன்னலைக் கொண்டுபோய் வைத்தால், நிரல் சுவரின் உடலிலிருந்து ஒரு கட்டியைக் கழித்துத் துளையை உண்டாக்குகிறது. சுவரை நகர்த்தினால் ஜன்னலும் கூடவே நகரும், சுவரை அழித்தால் ஜன்னலும் அழியும். ஆனால் நிரலின் உறுப்பு நூலகத்திலிருந்து எடுத்து வைக்கும் சாதாரண ஜன்னல் தட்டையாகச் செய்யப்பட்டது. சிறிய ஆரமுள்ள சுவரில் அதை வைத்து, மேலிருந்து கீழ்நோக்கி வெட்டுப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வில்லும் நாணும் பிரிகின்ற அந்தப் பிறைத் திட்டு கண்முன் நிற்கும். வளைந்த ஜன்னல் வேண்டுவோர் ஜன்னலைத் தாமே புதிதாக அமைக்கவேண்டும், அல்லது திறப்பின் பக்கங்கள் மையத்தை நோக்கவேண்டுமா இணையாகவே இருக்கவேண்டுமா என்று நிரலுக்குக் கற்பிக்கவேண்டும். பயிற்சியில்லாத இளைஞர் இதைக் கவனிக்கமாட்டார். திரையில் தூரத்திலிருந்து எல்லாம் சரியாகவே தெரியும், தச்சர் வந்து அளவு கேட்கிற அன்றுதான் குட்டு வெளிப்படும்.

விமானம் செய்வதற்காகப் பிரான்சில் பிறந்த ‘காட்டியா’ நிரலைக் கட்டிடத்துக்குக் கொண்டுவந்த பிராங்க் கெரி, 1992-இல் பார்சலோனாவில் ஒரு மீன் உருவையும், 1997-இல் பில்பாவோ அருங்காட்சியகத்தையும் நிறுவிப் புகழெய்தினார். பில்பாவோவில் தைட்டானியம் போர்த்திய வளைந்த உடல்களில் ஜன்னல் அரிது. வெளிச்சம் இடையிலுள்ள கண்ணாடி முகப்புகள் வழியாகவும் மேற்கூரை வழியாகவும் வருகிறது. ஜன்னலைத் தவிர்க்க வழியில்லாத டுசெல்டார்ஃப் நகரத்து அலுவலகக் கட்டிடங்களிலோ, நெளியும் சுவரை அதன் போக்கில் விட்டுவிட்டு, ஜன்னல்களை நேரான பெட்டிகளாகச் சுவருக்கு வெளியே நீட்டிவிட்டார். சுவரும் ஜன்னலும் ஒத்துப்போவதாக நடிக்காத இந்த நேர்மை எனக்குப் பில்பாவோவின் பளபளப்பைவிட உயர்ந்ததாகவே படுகிறது.

கண்ணாடியையே வளைத்துவிடுவது மற்றோர் உபாயம். கலிபோர்னியாவில் 2017-இல் திறக்கப்பட்ட ஆப்பிள் நிறுவனத்தின் வட்ட மாளிகை குறுக்கே 461 மீட்டர். அத்துணைப் பெரிய விருத்தத்தில் சாதாரண அகலமுள்ள ஜன்னல் விலகுவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை; தட்டைக் கண்ணாடியே தாராளமாகப் போதும். ஆனால் அங்கே ஒரு கண்ணாடியின் நீளமே ஏறத்தாழ 14 மீட்டராக இருக்கவேண்டுமென்று தீர்மானித்தார்கள். அந்த நீளத்தில் விலகல் 10 சென்டிமீட்டரைத் தாண்டிவிடுகிறபடியால், ஒவ்வொன்றும் ஜெர்மனியில் வளைவாகவே செய்யப்பட்டுக் கடல் கடந்து வரவேண்டியதாயிற்று.