முழுமொழி அணுகுமுறை (கேரளம்)

முழுமொழி அணுகுமுறை என்பது, எழுத்துகளைத் தனித்தனியே கற்பிக்காமல், பொருளுள்ள கதை, பாட்டு, உரையாடல் வழியாக வாசிப்பையும் எழுத்தையும் ஒருங்கே வளர்க்கும் தொடக்கக் கல்வி முறை. அமெரிக்கக் கல்வியாளர் கென்னத் குட்மன் (1927–2020) இதன் முதன்மைக் கோட்பாட்டாளர்.

இயல்புகள்: முழுமையிலிருந்து பகுதிக்குச் செல்லுதல், சூழலைக் கொண்டு பொருளை ஊகித்தல், கேட்டல், பேசல், படித்தல், எழுதல் ஆகியவற்றைப் பிரிக்காமை, தொடக்கநிலைப் பிழைகளை வளர்ச்சிப் படியாகக் கருதுதல்.

வரலாறு: கேரளத்தில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின்கீழ் 1990களில் செயல்வழிப் பாடத்திட்டம் அறிமுகமானது. எழுத்துவரிசை முறைக்கு மாற்றாக, முழுமொழி அணுகுமுறையை ஒட்டிக் கருத்தை முன்வைக்கும் முறை மலையாள வகுப்புகளில் பரவியது. திருவனந்தபுரத்திலுள்ள மாநிலக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் பாடநூல்களை உருவாக்குகிறது; தமிழ்வழிப் பள்ளிகளுக்கான நூல்களும் அதன் வெளியீடுகளே. 2007ஆம் ஆண்டின் கேரளப் பாடத்திட்டச் சட்டகம், அறிவைக் குழந்தையே கட்டமைக்கிறது என்னும் கொள்கையை ஏற்றது.

விவாதம்: எழுத்தறிவும் எழுத்துப்பிழையின்மையும் குறைவதாக எழுந்த விமர்சனங்களால், அகரவரிசையை மீண்டும் பாடநூலில் சேர்க்கும் கோரிக்கை வலுத்தது. அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழுவின் 2000ஆம் ஆண்டு அறிக்கை, ஒலி–எழுத்துத் தொடர்பை முறையாகக் கற்பிப்பதை ஆதரித்தது. முழுமொழி அணுகுமுறையையும் ஒலி–எழுத்துப் பயிற்சியையும் இணைக்கும் சமநிலை முறையும் நடைமுறையில் உள்ளது.