வட்டு மாறியபின் பழைய இயங்குதளம்: நீக்கும் முறையின் வரலாறு

புதிய வன்தட்டிலோ எஸ்எஸ்டியிலோ இயங்குதளத்தை நிறுவியபின் பழைய வட்டில் தங்கிவிட்ட இயங்குதளத்தை நீக்கும் வேலைக்கு நாற்பது ஆண்டு வரலாறு உண்டு. கோப்புகளை அழித்துவிட்டால் அது முடிந்துவிடாது. மின்சாரம் வந்ததும் எந்த வட்டில், எந்த இடத்தில் தொடங்குவது என்று கணினிக்குச் சொல்லும் சிறு நிரல் பெரும்பாலும் இயங்குதளத்தின் கோப்புறைக்கு வெளியே இருக்கிறது. அது குடியிருந்த இடம் காலந்தோறும் மாறியது. நீக்கும் முறையும் அதைப் பின்பற்றி மாறியது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட முதல் பிசியில் வன்தட்டு கிடையாது. 160 கிலோபைட் கொள்ளும் ஃபிளாப்பியில் பிசி டாஸ் வந்தது. அதே கணினிக்கு சிபி/எம்-86, யுசிஎஸ்டி பி-சிஸ்டம் ஆகிய இயங்குதளங்களையும் ஐபிஎம் அறிவித்திருந்தது. எது வேண்டுமோ அதன் ஃபிளாப்பியைச் செருகினால் போதும். வட்டை வெளியே எடுத்தால் இயங்குதளமும் போய்விடும். நீக்குவதற்கென்று எதுவும் மிஞ்சாது.

1983 மார்ச்சில் 10 மெகாபைட் வன்தட்டோடு பிசி எக்ஸ்டி வந்தபோது நிலைமை மாறியது. உடன் வந்த டாஸ் 2.0, எஃப்டிஸ்க் என்ற கருவியால் வன்தட்டைப் பார்ட்டிஷன்களாகப் பிரித்தது. ஒரே வட்டை ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்கள் பங்கிட்டுக்கொள்ள வழிசெய்த ஏற்பாடு இது. அதன் மையம், வட்டின் முதல் செக்டாரான எம்பிஆர். மொத்தம் 512 பைட். முதல் 446 பைட் தொடக்க நிரலுக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்த 64 பைட்டில் நான்கு பார்ட்டிஷன்களின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் 16 பைட். கடைசி இரண்டு பைட் அடையாளக் குறி. கணினியின் அடிப்படை நிரலான பயாஸ் இந்தச் செக்டாரை நினைவகத்தில் ஏற்றி அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கும். செக்டாரிலுள்ள நிரல், 'ஆக்டிவ்' என்று குறிக்கப்பட்ட பார்ட்டிஷனைத் தேடி அங்கிருந்து இயங்குதளத்தைத் தொடங்கும். ஃபார்மட் கட்டளை பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான் வேலை செய்தது. அதற்கு வெளியே இருந்த முதல் செக்டாரைத் தொடவில்லை. பிற்காலச் சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான்.

டாஸ் காலத்தில் நீக்குவது எளிதாகவே இருந்தது. மறைந்திருக்கும் இரண்டு கோப்புகள், கமாண்ட்.காம் ஆகியவை போனால் வட்டு வெறும் சேமிப்பு வட்டாகிவிடும். சிரமம் வட்டை மாட்டுவதில் இருந்தது. பயாஸ் முதல் வன்தட்டிலிருந்து மட்டுமே தொடங்கியதால், ஐடிஇ வட்டுகளில் ஜம்பரை மாற்றிப் புதியதை மாஸ்டராகவும் பழையதை ஸ்லேவாகவும் வைக்க வேண்டியிருந்தது. டாஸ், எல்லா வட்டுகளின் முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கும் முதலில் எழுத்துகளைக் கொடுத்துவிட்டுத்தான் மற்றவற்றுக்கு வரும். அதனால் ஒரு வட்டைச் சேர்த்தாலோ கழற்றினாலோ டி, ஈ என்ற டிரைவ் எழுத்துகள் இடம்மாறி, பழைய பாதைகளை நம்பியிருந்த மென்பொருள்கள் திணறின.

1990களில் ஒரே கணினியில் பல இயங்குதளங்கள் வைப்பது பரவியது. 1992-இல் ஓஎஸ்/2 2.0 தனக்கென ஒரு பூட் மேனேஜரோடு வந்தது. அதே ஆண்டு வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் லினக்ஸுக்காக லிலோ என்ற தொடக்க நிரலை எழுதினார். 1995-இல் எரிக் போலின் கிரப் என்ற மற்றொரு தொடக்க நிரலைத் தொடங்கினார். லிலோவையும் கிரப்பையும் எம்பிஆரில் நிறுவும்போது, ஒரு துண்டு முதல் செக்டாரிலும் மீதி லினக்ஸ் பார்ட்டிஷனிலும் இருக்கும். லினக்ஸ் வேண்டாம் என்று அந்தப் பார்ட்டிஷனை அழித்தவர்களுக்கு விண்டோஸும் எழவில்லை. முதல் செக்டாரில் எஞ்சிய துண்டு, இல்லாத மீதியைத் தேடி நின்றுவிட்டது. எம்எஸ்-டாஸ் 5.0-இல் (1991) கையேட்டில் குறிப்பிடப்படாமல் இருந்த எஃப்டிஸ்க் /எம்பிஆர் கட்டளைதான் அவர்களைக் காப்பாற்றியது. அது பட்டியலைத் தொடாமல் நிரலை மட்டும் புதிதாக எழுதியது.

விண்டோஸ் என்டி (1993) வழியில் வந்தவற்றில் சிக்கல் வேறு. விண்டோஸ் 98 இருந்த முதல் வட்டோடு இரண்டாவது வட்டைச் சேர்த்து அதில் விண்டோஸ் எக்ஸ்பி நிறுவினால், விண்டோஸ் கோப்புறை புதிய வட்டுக்குப் போகும், என்டிஎல்டிஆர், பூட்.ஐஎன்ஐ ஆகிய தொடக்கக் கோப்புகள் பழைய வட்டிலேயே அமரும். பழையதை ஃபார்மட் செய்தவர் அடுத்த முறை திரையில் கண்டது, என்டிஎல்டிஆர் காணவில்லை என்ற செய்தி. அந்தக் கோப்புகளைப் புதிய வட்டுக்கு நகலெடுத்தாலும் போதாது. பூட்.ஐஎன்ஐயில் விண்டோஸ் இருக்கும் வட்டு 1 என்று எழுதியிருக்கும். பழைய வட்டைக் கழற்றியதும் புதியதே வட்டு 0 ஆகிவிடும். அந்த எண்ணையும் திருத்த வேண்டும்.

2007-இல் விஸ்டா பூட்.ஐஎன்ஐயைக் கைவிட்டு பிசிடி என்ற தரவுத்தொகுப்பைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 7 (2009), தொடக்கக் கோப்புகளுக்கென 100 மெகாபைட்டில் தனிப் பார்ட்டிஷனை ஒதுக்கியது. எஸ்எஸ்டி விலை குறைந்து மக்கள் வட்டு மாற்றத் தொடங்கியதும் இதே காலத்தில்தான். பழைய வன்தட்டைக் கழற்றாமல் எஸ்எஸ்டியில் விண்டோஸை நிறுவியபோது, தொடக்கக் கோப்புகள் மறுபடியும் பழைய வட்டிலேயே தங்கின. எம்எஸ்கான்ஃபிக் கருவியில் பழைய விண்டோஸின் பெயரை நீக்கினால் தொடக்கப் பட்டியலிலிருந்து மட்டுமே அது மறையும். கோப்புகள் அப்படியே இருக்கும். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் கோப்புகள் டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற கணக்கின் உரிமையில் இருப்பதால், கோப்புறையைத் தேர்ந்தெடுத்து டெலிட் அழுத்தினாலும் அனுமதி மறுக்கப்படும்.

பயாஸுக்கு மாற்றாக இன்டெல், ஐட்டானியம் கணினிகளுக்காக உருவாக்கிய இஎஃப்ஐ, 2005-இல் யுஇஎஃப்ஐ அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. விண்டோஸ் 8 (2012) வந்தபின் புதிய கணினிகளில் யுஇஎஃப்ஐ பொது வழக்கமானது. எம்பிஆரின் நான்கு பார்ட்டிஷன், 2 டெராபைட் என்ற வரம்புகளை, வழக்கமாக 128 பார்ட்டிஷன்களுக்கு இடம்தரும் ஜிபிடி என்ற புதிய பட்டியல் முறை நீக்கியது. தொடக்க நிரல்கள் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷனில் சாதாரணக் கோப்புகளாக இடம்பெற்றன. அவற்றின் பட்டியல் மதர்போர்டின் நினைவகத்துக்குப் போனது. ஆகவே வட்டை முழுதும் துடைத்தபின்னும் பழைய இயங்குதளத்தின் பெயர் தொடக்கப் பட்டியலில் தெரியக்கூடும். பழைய வழக்கமும் விடவில்லை: ஒரு வட்டில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஏற்கெனவே இருந்தால், வேறொரு வட்டில் நிறுவப்படும் விண்டோஸ் தன் தொடக்கக் கோப்புகளை அங்கேயே வைத்துவிடக்கூடும்.

இத்தனை காலப் பட்டறிவிலிருந்து இன்றைய ஒழுங்கு உருவானது. முதலில் தேவையான ஆவணங்களை வேறிடத்தில் சேமிக்க வேண்டும். பிட்லாக்கர் குறியாக்கம் இருந்தால் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, கணினியை அணைத்து, பழைய வட்டைக் கழற்றிவிட்டுத் தொடங்கிப் பார்க்க வேண்டும். எழவில்லை என்றால் தொடக்கக் கோப்புகள் பழைய வட்டில் இருக்கின்றன என்றே பெரும்பாலும் பொருள். புதிய வட்டில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்றை அமைத்து, பிசிடிபூட் கட்டளையால் அவற்றை அங்கே எழுத வேண்டும். புதிய வட்டு தனியாக எழுந்தபிறகே பழையதைத் திரும்ப மாட்டலாம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் இஎஃப்ஐ பார்ட்டிஷனை அழிக்க விடாது. அதற்கு டிஸ்க்பார்ட் கருவியின் கிளீன் கட்டளை பயன்படும். எந்த வட்டு என்பதை அளவைக் கொண்டு உறுதிசெய்துகொள்வது கட்டாயம். அந்தக் கட்டளை மறுகேள்வி கேட்பதில்லை. கிளீன் பார்ட்டிஷன் விவரத்தை மட்டுமே அழிக்கும். வன்தட்டைப் பிறருக்குக் கொடுப்பதாக இருந்தால், எல்லாச் செக்டாரிலும் சுழியம் எழுதும் கிளீன் ஆல் தேவை.

புதிய வட்டு, பழையதன் துணையின்றி எழுகிறதா என்று பார்க்காமல் பழைய இயங்குதளத்தில் கைவைக்கக் கூடாது. 1983 முதல் கருவிகள் எத்தனையோ மாறியும், இந்த ஒரு சோதனைக்கு மாற்று வரவில்லை.