வேலியில் பிறந்த ரோஜா

எட்வர்டு ரோஜா என்றதும் தமிழகத்தில் பூக்கட்டும் எவருக்கும் அது எந்தப் பூ என்று தெரியும். இளஞ்சிவப்பு நிறம், குட்டைக் காம்பு, தளர்ந்த இதழ்கள். பன்னீர் ரோஜா என்றும் பல ஊர்களில் அழைப்பார்கள். கண்காட்சியில் பரிசு பெறும் கட்டான தோற்றம் அதற்கு இல்லை. பறித்த மறுநாளே இதழ் உதிரத் தொடங்கிவிடும். ஆயினும் ஒரு கைப்பிடிப் பூ போதும், பூஜையறை முழுவதும் மணக்கும்.

இந்த எட்வர்டு யார்? இங்கிலாந்து மன்னர் ஒருவரின் பெயர் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் இப்பெயரின் வேர் இங்கிலாந்தில் இல்லை. இந்துமாக் கடலில் உள்ள ஒரு சிறு தீவில் இருக்கிறது. அந்தத் தீவில் தொடங்கிய வரலாற்றை அறிந்தால், தென்காசி வட்டாரத்தில் வீட்டுத் தோட்டத்துக்கு எந்த ரோஜா ஏற்றது என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும்.

விருந்தாளியாக வந்த பூ

கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் வருகின்றன. அவற்றுள் ரோஜா இல்லை. ‘ரோஜா’ என்னும் சொல்லே போர்த்துக்கீசியரின் ‘ரோசா’விலிருந்து வந்ததாகும். ஆனால் தமிழக மலைகளுக்கு ரோஜாக் குடும்பம் முற்றிலும் அந்நியமன்று. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காடுகளின் ஓரத்தில் வெண்ணிறப் பூக்களுடன் ஒரு காட்டு ரோஜா படர்கிறது. ‘ரோசா லெஷனோல்டியானா’ என்பது அதன் அறிவியல் பெயர். 1816-இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலார் லெஷனோவின் நினைவாக இட்ட பெயர் அது. இவரை நினைவில் வைத்துக்கொள்வோம். மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

வெளியூர்ச் செடிகளை வரவேற்று வளர்ப்பது குற்றாலத்துக்குப் பழகிய செயல். கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் ஜாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டைத் தோட்டங்கள் இங்கு அமைக்கப்பட்டன. இன்று சீசன் காலத்தில் அருவிக்கரைக் கடைகளில் குவியும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கடல் கடந்து வந்த மரங்களின் கனிகளே. தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் 1835-இல் குற்றாலத்துக்கு வந்து இப்பகுதிச் செடிகொடிகளை ஆராய்ந்தார். எட்வர்டு ரோஜாவும் இப்படிக் கடல்வழித் தொடர்புகளால் பரவிய செடிதான்.

இரு வேலிகள், ஒரு புதுச்செடி

இன்று ரீயூனியன் எனப்படும் தீவுக்கு அந்நாளில் போர்போன் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் தமிழ்த் தொழிலாளர்கள் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தீவு இதுவே. அங்குள்ள குடியேறிகள் தங்கள் நிலங்களுக்கு ரோஜாவையே வேலியாக நட்டனர். ஒன்று மேற்காசியாவின் டமாஸ்க் ரோஜா; பன்னீரும் அத்தரும் வடிக்க உதவுவது. மற்றொன்று ஆண்டு முழுவதும் பூக்கும் சீன ரோஜா. சீன ரோஜாக்கள் பல கல்கத்தா வழியாக மேலைநாடு சென்றதால், பிரெஞ்சுக்காரர் இவ்வினத்தை ‘வங்க ரோஜா’ என்றே அழைத்தனர்.

தீவின் அரசுத் தோட்டப் பொறுப்பை ஏற்ற நிக்கோலாஸ் பிரெயோன், 1817-இல் வேலிச் செடிகளுக்கிடையே இரண்டின் சாயலும் கொண்ட புதுச்செடி ஒன்றைக் கண்டார். தீவில் அதற்கு வழங்கிய பெயர் ‘ரோஸ் எதுவார்’. எதுவார் பெரிஷோன் என்ற நில உரிமையாளரின் பெயரால் அமைந்தது அது. பிரெஞ்சு ‘எதுவார்’தான் நம் வாயில் ‘எட்வர்டு’ ஆயிற்று. பிரெயோன் 1819-இல் அதன் விதைகளைப் பாரிஸ் அருகே நெய்யியில் இருந்த தோட்டக்கலைஞர் ஜாக்கிற்கு அனுப்பினார். ‘போர்போன் ரோஜா’ என்ற இனம் ஐரோப்பாவில் பிறந்தது.

நம் லெஷனோவும் இத்தீவுடன் தொடர்புடையவரே. தென்னிந்தியாவிலிருந்து கரும்பு வகைகளையும் பருத்தி வகைகளையும் அங்கே அனுப்பிவைத்தவர் அவர். இந்தியாவுக்கும் தீவுக்கும் இடையே செடிகள் இருதிசையிலும் பயணம் செய்த காலம் அது. எதுவார் ரோஜாவே இந்தியாவிலிருந்துதான் அங்குச் சென்றது எனக் கருதுவோரும் உண்டு.

மணமும் மறுபூப்பும்

இந்தக் கலப்பின் பெருமை என்ன? காட்டு ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். பூப்பதை அடக்கிவைக்கும் ஒரு ஜீன் அவற்றில் செயற்படுகிறது. சீன ரோஜாவிலோ, இடம் விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்று அந்த ஜீனுக்குள் நுழைந்து அதை முடக்கிவிட்டது. 2012-இல் வெளியான ஆய்வு இதை விளக்கிற்று. தடை நீங்கியதால் செடி ஓயாமல் பூக்கிறது. டமாஸ்க் தந்த மணமும் சீனம் தந்த மறுபூப்பும் எட்வர்டில் ஒன்றுசேர்ந்தன.

மணத்தின் இரகசியமும் அண்மையில் துலங்கியது. ரோஜா மணத்தின் முக்கியக் கூறுகளில் ஒன்று ஜெரானியால். 2015-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், இதழில் இப்பொருள் உருவாவதற்கு ‘நூடிஎக்ஸ்-1’ என்னும் நொதி துணைசெய்வதைக் கண்டறிந்தனர். மணமற்ற வகையில் அந்த ஜீன் மிகக் குறைவாகவே செயற்பட்டது. நெடுங்காம்பு, பெருமொட்டு, பல நாள் வாடாமை ஆகியவற்றையே பார்த்து இனங்களைத் தேர்ந்தெடுத்தபோது, மணம் கவனிப்பாரற்றுப் போயிற்று. இன்று கடையில் வாங்கும் ரோஜாவை முகர்ந்து பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சுவதற்குக் காரணம் இதுதான்.

தில்லியில் எழுந்த வாரிசு

கொத்துக் கொத்தாகப் பூக்கும் ‘புளோரிபண்டா’ ரோஜாவின் தொடக்கம் டென்மார்க்கில். அங்குப் பொல்சன் குடும்பத்தினர் சிறுபூக் கொத்து ரோஜாக்களைப் பெரும்பூ ரோஜாக்களுடன் கலந்தனர். 1924-இல் ‘எல்ஸ பொல்சன்’ என்ற புகழ்பெற்ற வகை வெளிவந்தது. புளோரிபண்டா என்ற இலத்தீன் சொல்லுக்கு ‘நிறையப் பூப்பது’ என்று பொருள்.

எட்வர்டின் வழியும் நின்றுவிடவில்லை. போர்போன் வழிவந்த ‘குளோவார் தெ ரொசொமான்’ 1825-இல் பிரான்சில் தோன்றியது. அதன் குருதி கலந்த ‘குரூஸ் அன் டெப்லிட்ஸ்’ என்னும் செந்நிற மணரோஜாவை, ஆஸ்திரிய-ஹங்கேரி நாட்டு வனத்துறையாளர் கெஷ்விண்ட் உருவாக்க, அது 1897-இல் வெளிவந்தது. அதன் நாற்றிலிருந்து 1962-இல் இந்தியாவில் ஒரு புளோரிபண்டா பிறந்தது. நல்ல மணமும் ஆழ்ந்த இளஞ்சிவப்பும் கொண்ட அதன் பெயர் ‘ரோஸ் ஷெர்பத்’.

அதை உருவாக்கியவர் டாக்டர் பி. பி. பால் (1906–1989). துருநோயைத் தாங்கும் கோதுமையை ஆக்கிய இவ்வறிஞர் 1965-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர் ஆனார். நூற்றுக்கு மேற்பட்ட ரோஜா வகைகளை உருவாக்கினார். குளிர்நாட்டு ரோஜாக்களை அப்படியே நடுவதைவிட, நம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றவற்றை நாமே உருவாக்க வேண்டும் என்பதை அவரது பணி நிலைநாட்டியது.

சாரலும் கரும்புள்ளியும்

தென்காசிக்கு இந்தப் பாடம் மிகவும் பொருந்தும். செங்கோட்டைக் கணவாய் வழியே ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரல் வீசுகிறது; பின்னர் வடகிழக்குப் பருவமழை. நமக்கு இன்பமளிக்கும் சாரலே ரோஜாவுக்கு இடையூறு. கரும்புள்ளி நோயின் பூஞ்சை வித்துகள் முளைக்க, இலை ஏறத்தாழ 7 மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் போதும். பின்னர் இலைகள் மஞ்சளாகி உதிரும்.

ஆகவே நாள்தோறும் 5, 6 மணி நேர வெயிலும் நல்ல காற்றோட்டமும் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். 45 செ.மீ. ஆழ, அகலமுள்ள குழியில் மக்கிய தொழு உரம் கலந்து நடுங்கள். செடிகளை நெருக்க வேண்டா. தண்ணீரைக் காலையில் வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். உதிர்ந்த புள்ளி இலைகளைப் பொறுக்கி அகற்றுங்கள். அடுத்த தொற்று அவற்றிலிருந்துதான் கிளம்பும். மழை ஓயும் டிசம்பரில் கவாத்து செய்து, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள்.

எட்வர்டுக்கு இன்னொரு வசதி உண்டு. பென்சில் கனத்தில் 15 முதல் 20 செ.மீ. நீளக் குச்சியை வெட்டி நட்டாலே வேர்பிடிக்கும். ஒட்டுச் செடியில் அடிக்கட்டைத் தளிர் எழுந்து ஒட்டை அமுக்குவதுண்டு. சொந்த வேரில் நிற்கும் செடிக்கு அத்தொல்லை இல்லை. அண்டை வீட்டிலிருந்து ஒரு குச்சி போதும், காசு வேண்டா.

இப்படிக் கைக்குக் கை மாறியே இச்செடி இருநூறு ஆண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது. மணத்தைத் தேடும் இனக்கலப்பாளருக்கு இத்தகைய பழஞ்செடிகளே முதல். இவற்றை யாரும் வளர்க்காமல் விட்டால், இழந்த மணத்தை எங்கே போய்த் தேடுவது? கொல்லைப்புறத்தில் ஒரு புளோரிபண்டாவை நடுபவர், அதன் அருகில் ஓர் எட்வர்டுக் குச்சியையும் ஊன்றட்டும்.