சிறைக்குத் தயார் செய்த பண்ணை!

ஒரு பண்ணையில் என்ன விளையும்? நெல், கோதுமை, காய்கறி, பழம்... சரி, அஞ்சா நெஞ்சம் விளையுமா? தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க் நகரிலிருந்து 21 மைல் தொலைவில் விளைந்தது! அந்த இடத்துக்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர்.

கதை 1910-ல் தொடங்குகிறது. டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் மீது சுமத்தப்பட்ட கறுப்புச் சட்டத்தை எதிர்த்து காந்திஜியின் சத்தியாக்கிரகம் நாலாவது வருஷமாக நடந்துகொண்டிருந்த நேரம். முதலில் ஆயிரக்கணக்கில் திரண்டவர்கள் இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். மிஞ்சியவர்கள் ஜெயிலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். சரி, ஜெயிலுக்குப் போனவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? பெண்டாட்டி பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? மாதாமாதம் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துப் பார்த்தார் காந்திஜி. கஜானா கரைந்ததுதான் மிச்சம்!

அப்போது கைகொடுத்தார் ஒரு நண்பர். பெயர் ஹெர்மன் காலன்பாக். யூதர், கட்டடக்கலை நிபுணர், வசதியானவர். லாலி என்கிற சின்ன ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, ‘போராட்டம் முடியும்வரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வாடகை வேண்டாம்’ என்று கொடுத்துவிட்டார். அவர் கடிதம் எழுதிய தேதி 1910, மே 30. மறுநாள்தான் வெள்ளையர் ஆட்சியில் ‘தென்னாப்பிரிக்க ஒன்றியம்’ என்கிற புதிய நாடு பிறந்தது. ஒரு பக்கம் ஒரு சாம்ராஜ்யத்தின் கொண்டாட்டம், இன்னொரு பக்கம் ஒரு மலையடிவாரத்தில் ஒரு சின்ன வீடு, இரண்டு கிணறு, ஒரு நீரூற்று, ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பழமரங்கள்!

அங்கே பருவங்கள் நமக்குத் தலைகீழ் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அக்னி நட்சத்திரம் ஓய்கிற ஜூன் மாதத்தில் அங்கே குளிர்காலம் ஆரம்பமாகும். கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேலே உள்ள பீடபூமி அது. இரவில் புல் நுனியெல்லாம் உறைபனி படியும். அந்த நேரம் பார்த்துத்தான் சத்தியாக்கிரகிகள் பண்ணைக்குள் காலடி வைத்தார்கள். தகரக் கொட்டகைகள் எழும்பும்வரை கூடார வாசம். அதற்குப் பிறகும் படுக்கை திறந்த தாழ்வாரத்தில்தான். ஆளுக்கு இரண்டு கம்பளி, தலைக்கு ஒரு மரக்கட்டை. கட்டில் என்கிற பொருளே பண்ணையில் கிடையாது!

அக்டோபரில் மழை எட்டிப் பார்க்கும். மண்வெட்டி எடுக்க வேண்டிய நேரம். வருஷ முடிவில் கோடை வந்துவிட்டால் சிறுவர்களுக்குக் கொண்டாட்டம். ஆப்ரிகாட்டும் பிளம்ஸும் பழுத்துக் குலுங்கும். குளிர்காலம் திரும்பியதும் ஆரஞ்சு. வயிறு முட்டத் தின்ற பிறகும் பழம் மிஞ்சியது என்று எழுதுகிறார் காந்திஜி. மிஞ்சிய ஆரஞ்சு மர்மலேடாக மாறி, பண்ணையிலேயே சுட்ட ரொட்டிக்குத் தொட்டுக்கையாயிற்று. கோதுமை அரைக்கக் கை இயந்திரம். வேலைக்காரர் என்று ஒருவர்கூட இல்லை. சமையலிலிருந்து கழிவறை சுத்தம் வரை எல்லாம் தங்கள் கையால்தான். ஊற்று ஐந்நூறு கஜ தூரத்தில். காவடி கட்டித் தண்ணீர் சுமந்தார்கள்.

யார் இந்தக் கூட்டம்? சுமார் 40 இளைஞர்கள், இரண்டு மூன்று முதியவர்கள், 5 பெண்கள், 20 முதல் 30 குழந்தைகள். தமிழர், தெலுங்கர், குஜராத்தி, வட இந்தியர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி எல்லோரும் உண்டு. எல்லோருக்கும் ஒரே அடுப்பு, சைவச் சாப்பாடு. ரம்ஜான் நோன்பு வந்தபோது முஸ்லிம் பையன்களுக்குத் துணையாக மற்ற பையன்களும் பகலில் பட்டினி கிடந்தார்கள்.

காலையில் குழந்தைகள் குழி தோண்டுவார்கள், மரம் வெட்டுவார்கள், சுமை தூக்குவார்கள். பிற்பகலில் பள்ளிக்கூடம். வாத்தியார்? காந்திஜியும் காலன்பாக்கும்தான்! வேலை செய்த களைப்பில் பையன்கள் தூங்கி வழிவார்கள். வாத்தியாருக்கும் அதே கதி. கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறார்.

தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவரும் காந்திஜியேதான் என்றால் நம்புவீர்களா? கப்பல் பயணங்களிலும் ஜெயிலிலும் கற்றுக்கொண்ட அரைகுறைத் தமிழ், ஜி.யு.போப் எழுதிய தமிழ்க் கையேடு... அவ்வளவுதான் கையிருப்பு. தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் மாணவர்களிடம் காட்டிக்கொண்டதே இல்லை என்கிறார். அங்கே ஒரு விதி இருந்தது. ஆசிரியர் செய்யாத எந்த வேலையையும் மாணவனிடம் செய்யச் சொல்லக் கூடாது!

அதற்காகப் பண்ணையை சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருநாள் அடங்காத ஒரு 17 வயதுப் பையனின் கையில் ரூல்தடியால் ஓங்கி அடித்துவிட்டார் அஹிம்சை மூர்த்தி. அடிக்கும்போதே அவர் உடம்பு நடுங்கியதாம். அடித்தது சரியா, தவறா என்கிற கேள்வி பல வருஷம் அவரை விடவில்லை.

இன்னொரு சம்பவம் இன்னும் சங்கடமானது. இளைஞர்கள் சிலர் இரண்டு பெண்களைக் கேலி செய்ததாகப் புகார் வந்தது. காந்திஜி பையன்களைக் கண்டித்தார். அதோடு விடவில்லை. அந்தப் பெண்களைப் பேசிச் சம்மதிக்கவைத்து, தன் கையாலேயே அவர்கள் கூந்தலைக் கத்தரித்தார்! பண்ணையின் மூத்த பெண்மணிகளுக்கு முதலில் இதில் உடன்பாடே இல்லை. பையன்கள் செய்த தப்புக்குப் பெண்களின் தலைமுடியா விலை? இன்று நமக்கு எழுகிற கேள்வி நியாயமானதே. இதையெல்லாம் மறைக்காமல் எழுதிவைத்தவர் அவரே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எதற்கு இவ்வளவு கடுமை? கட்டாந்தரைப் படுக்கை, அளவுச் சாப்பாடு, உடம்பு நோகும் உழைப்பு... யோசித்துப் பாருங்கள், இதெல்லாம் எங்கே கிடைக்கும்? ஜெயிலில்! பண்ணையில் பழகியவனுக்குச் சிறை இன்னொரு வீடு. ‘ஜெயில்ல போட்டுருவேன்’ என்று அவனை யார் மிரட்ட முடியும்?

நடையும் அப்படித்தான். பண்ணை வேலையாக ஜோஹன்னஸ்பர்க் போனால் மூன்றாம் வகுப்பு ரயில். சொந்த வேலை என்றால் கட்டுச்சோற்றோடு 21 மைல் நடை. நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு எழுந்து, இரண்டரைக்குக் கிளம்பினால் ஆறேழு மணி நேரத்தில் ஊர். பையன்களுக்கு அது ஒரு போட்டியாகவே ஆகிவிட்டது. சாதனை நேரம் 4 மணி 18 நிமிடம்!

பெயருக்குரிய டால்ஸ்டாய்க்கு, பண்ணையைப் பற்றி 1910 ஆகஸ்டில் காந்திஜி கடிதம் எழுதினார். செப்டம்பர் 7 தேதியிட்டு நீண்ட பதில் எழுதிய அந்த மாமனிதர், நவம்பரில் மறைந்தார். 1912-ல் கோகலே வந்து தங்கினார். அவருக்காகக் கட்டில் இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். மற்றவர்கள் தரையில் படுப்பதைப் பார்த்துவிட்டு, அவரும் தரையிலேயே படுத்துவிட்டார்.

1913 தொடக்கத்தில் காந்திஜி ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு இடம் மாறினார். பண்ணை கலைந்தது. அவ்வளவுதானா? இல்லை, அறுவடையே அதற்குப் பிறகுதான்!

அந்த வருஷம், கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்கிற மாதிரி ஒரு கோர்ட் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த கூலிகள் தலைக்கு ஆண்டுக்கு 3 பவுன் கட்ட வேண்டும் என்கிற கொடுமை வேறு. காந்திஜி முதலில் நினைத்தது டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பெண்களைத்தான். 11 பேர் கிளம்பினார்கள். தம்பி நாயுடுவின் மனைவி உட்பட 10 பேர் தமிழச்சிகள். ஆறு பேர் இடுப்பில் கைக்குழந்தை! நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போய்ப் பேசினார்கள். வேலைநிறுத்தம் தீயாய்ப் பரவியது. அவர்களுக்குக் கிடைத்த பரிசு, மூன்று மாதக் கடுங்காவல். நம் தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று, 1914 பிப்ரவரியில் உயிர்விட்டதும் இதே போராட்டத்தில்தான்.

நவம்பர் 6 அன்று 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் உணவு, ஆளுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. தினம் 20 மைலுக்கு மேல் நடை என்று திட்டம். கணக்கு எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதா? வழியில் யாரும் கைது செய்யாவிட்டால் எட்டு நாளில் போய்ச்சேர வேண்டிய இடம்... அதே டால்ஸ்டாய் பண்ணை!

போய்ச்சேர விடவில்லை. நாலு நாளில் அவர்களைப் பிடித்து ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டது அரசாங்கம். ஆனால், 1914-ல் அதே அரசாங்கம் 3 பவுன் வரியை ரத்து செய்தது; நம் திருமணங்களும் செல்லும் என்று சட்டம் போட்டது. பண்ணையின் தகரக் கொட்டகைகள் காலப்போக்கில் பெயர்த்தெடுக்கப்பட்டு, பிற்பாடு அஸ்திவாரங்கள்தான் மிஞ்சின. அங்கே மண்வெட்டி பிடித்த, தண்ணீர் சுமந்த, 21 மைல் நடந்த பல பேரின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அவர்கள் விதைத்ததை அறுத்தவர்களோ பல்லாயிரம் பேர்!