மட்டக்களப்பு வாவிக்கரையின் குணமாக்கல் அறிவும் சமூகப்பணிக் கல்வியும்

சடங்கு, வாக்குச் சொல்லல், பரிகாரம், கூத்து, தாய்வழிக் குடிமுறை ஆகியவற்றின் வழியாக மட்டக்களப்பு மக்கள் துயரைத் தாங்கவும் ஆற்றவும் பழகிய அறிவையும், அதைச் சமூகப்பணிக் கல்விக்குள் கொண்டுவர வேண்டிய தேவையையும் இக்கட்டுரை கூறுகிறது. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. தெற்கே கல்முனைப் பக்கம் வரை செல்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. மேற்கே வயல்கள் விரிந்த நிலம் படுவான்கரை. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். வடக்கே வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் வேடர் குடியிருப்புகள் உள்ளன.

பின்னணி

அனைத்துலகச் சமூகப்பணி அமைப்புகள் 2014இல் ஏற்ற வரைவிலக்கணம், பூர்வகுடிகளின் அறிவையும் இத்துறையின் அடித்தளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. கனடாவின் மனிற்றோபா பல்கலைக்கழகம் பூர்வகுடி அறிவை ஆதாரமாகக் கொண்ட சமூகப்பணி முதுமாணிப் பட்டத்தையே நடத்துகிறது. இலங்கையில் முறைசார்ந்த சமூகப்பணிக் கல்வி 1952இல் கொழும்பில் தொடங்கியது. 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் அமைந்தது. இளமாணிப் பட்டம் 2005இலும் முதுமாணிப் பட்டம் 2008இலும் வந்தன. வெளிநாட்டு மாதிரியில் தொடங்கிய கல்வி இது. வாவிக்கரையின் அறிவோ பெரும்பாலும் பட்ட வகுப்புக்கு வெளியே, கோயில் முன்றலிலும் கூத்துக் களரியிலும் கைமாறி வந்தது.

சடங்கும் வாக்கும்

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு தொடங்கும். செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களில் இது ஊரே கூடும் காலம். கண்ணகி வழக்குரை என்ற நூல் பாடப்படும். இந்நூலை 1968இல் பண்டிதர் வி. சீ. கந்தையா பதிப்பித்தார். கலியாணக்கால் நடுவார்கள். நிறைவில் மதுரையை எரித்த கண்ணகியின் சினம் தணியக் குளிர்த்தி பாடி, வேப்பிலையால் நீர் தெளிப்பார்கள். அந்த நீரை வாங்கிப் பிள்ளைகளின் தலையில் தடவும் தாய்மாரை இன்றும் காணலாம். நீதி கிடைக்காத பெண்ணின் கோபத்தை நியாயமானதென்று ஏற்று, அதை ஊர் கூடித் தணிப்பதே இச்சடங்கின் உள்ளடக்கம். உளவளத்துணை படிக்கும் மாணவர் இதிலிருந்து கற்க நிறைய இருக்கிறது.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் 1990 இப்பகுதியின் மிகக் கொடிய ஆண்டுகளில் ஒன்று. ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலையில், அகதி முகாமாகியிருந்த கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டான் என்ற ஊரில் படுகொலை நடந்தது. தேடிப்போனவர்களுக்கு எந்த அலுவலகமும் பதில் சொல்லவில்லை. அப்போது தாய்மாரும் மனைவிமாரும் போனது அம்மன் கோயில்களில் தெய்வம் ஏறி வாக்குச் சொல்பவர்களிடம். அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் 1990களில் இதை அருகிருந்து ஆராய்ந்து, 1997இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாக அளித்தார். காணாமல் போனவர் பட்ட வதையை வாக்குச் சொல்பவர் தம் உடலில் ஏற்று நடுங்கியும் அழுதும் காட்டியதை அவர் எழுதினார். வெளியே வாய் திறக்க முடியாத காலத்தில், நடந்ததை நடந்தது என்று பலர் முன்னிலையில் சொல்ல முடிந்த இடம் அதுவாக இருந்தது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளுபவர் வந்து நிற்கும் ஆளின் வேதனையையும் சேர்த்தே தள்ளிவிடுகிறார்.

குடியும் வீடும்

குணமாக்கல் என்றதும் சடங்கை மட்டும் நினைப்பது போதாது. இங்கே தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியில் வருகிறது. வீடு சீதனமாக மகளுக்குப் போகிறது. மணமகன் பெண்வீட்டுக்கு வருகிறான். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இவ்வமைப்பை விரிவாக விளக்கியுள்ளார். கணவனை இழந்த பெண், தாயும் சகோதரிகளும் சூழ்ந்த தன் சொந்த வளவிலேயே இருக்கிறாள். துயரம் வந்த அன்றே கையில் இருக்கும் ஆதரவு இது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டிக்கொடுத்த வீடுகள், ‘குடும்பத் தலைவர்’ என்ற விதியால் பல இடங்களில் ஆண்களின் பெயருக்கு எழுதப்பட்டன. பெண்கள் அமைப்புகள் இதைக் கண்டித்தன. உளசமூக ஆதரவு என்று ஒரு கூடாரத்தில் வகுப்பு நடந்துகொண்டிருக்க, அடுத்த மேசையில் அங்கு வந்த பெண்ணின் வீட்டுரிமை கைமாறியது. ஊர் வழக்கம் தெரியாமல் நலத்திட்டம் வகுத்தால் என்ன நேரும் என்பதற்கு வகுப்பறையில் வைக்க இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

பூங்காவும் களரியும்

1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. இயேசுசபைத் துறவியும் உளவளத்துணையாளருமான போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் இதன் முன்னோடிகள். போர் தாக்கிய தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக வந்து களிமண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் தம் உலகை மீளக் கட்டினர். சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் பாட்டையும் நாடகத்தையும் பெண்களின் பேச்சுக்கு வழியாக்கியது.

கூத்துத் துறையில் பேராசிரியர் சி. மௌனகுருவின் ஆய்வும் பயிற்சியும் அடித்தளமாக அமைந்தன. அவருக்குப் பின் சி. ஜெயசங்கரும் ‘மூன்றாவது கண்’ குழுவினரும் சீலாமுனையில் 2002 முதல் கூத்து மீளுருவாக்கத்தை மேற்கொண்டனர். பல்கலைக்கழகத்தார் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடமும் ஊராரிடமும் அமர்ந்து, எந்தக் கதை, எந்தப் பாத்திரம், பெண்களுக்கும் சாதிகளுக்கும் அதில் எந்த இடம் என்று கேள்வி எழுப்பி, ஊராரோடு சேர்ந்தே கூத்தை மாற்றிய பணி அது. பங்கேற்பு ஆய்வு என்று சமூகப்பணி நூல்கள் கற்பிப்பதற்கு இலங்கைத் தமிழில் கிடைக்கும் சிறந்த மாதிரி இதுவே.

வரம்புகள்

எல்லா மரபும் ஆற்றுவதில்லை. கோயிலுரிமைகள் குடிக்கும் சாதிக்கும் ஏற்பப் பங்கிடப்படுகின்றன. சிலர் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டனர். மனநோய்க்கு மருந்து வேண்டிய நேரத்தில் பரிகாரத்தை மட்டும் நம்பிக் காலம் கடத்துவது ஆபத்தானது. வேடரின் சடங்குகளும் முஸ்லிம்களின் ஓதிப்பார்க்கும் வழக்கமும் தமிழ்க் கோயில் மரபின் நிழலில் மறைந்துபோகக் கூடாது. மாணவர் மதிக்கவும் வேண்டும், கேள்வி கேட்கவும் வேண்டும்.

அண்ணாவியாரும் கோயிலில் சடங்கு நடத்தும் கட்டாடியாரும் வாக்குச் சொல்லும் பெண்ணும் இதுவரை தகவல் தருபவர்களாகவே ஆய்வேடுகளில் வருகின்றனர். கிழக்கில் இனி வரையப்படும் சமூகப்பணி முதுமாணிப் பாடத்திட்டம் எதுவானாலும், அவர்களை ஊதியம் பெறும் ஆசிரியர்களாக அமர்த்தியே தொடங்க வேண்டும்.