வெறுங்கால் வெற்றி

செஞ்சிக் கோட்டைக்குச் சிறிது தூரத்தில் இருக்கிறது சிங்கவரம். அங்கே குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில் அமைத்த கோயிலில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அவர் திருமுகம் சற்றே திரும்பினாற்போல் இருக்கும். காரணம் கேட்டால் ஊரிலுள்ள சின்னப் பிள்ளைகூடக் கதை சொல்லும். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் பெரும்படையோடு வந்தபோது, தேசிங்குராஜன் இந்தப் பெருமாளிடம் வந்து உத்தரவு கேட்டானாம். 'இன்று போகாதே' என்பதற்கு அடையாளமாகப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். தேசிங்கு கேட்கவில்லை, போனான், மாண்டான்.

பெருமாள் முகம் திருப்பியது கதை. மற்றவை சரித்திரம். தந்தை சொரூப்சிங் இறந்த பிறகு செஞ்சிப் பொறுப்பை ஏற்ற இளைஞன் தேஜ்சிங், நவாபு கேட்ட கிஸ்தி பாக்கியைக் கட்ட மறுத்தான். 1714 அக்டோபரில் சில நூறு குதிரை வீரர்களோடு பெரும்படையை எதிர்த்து நின்றான். அவனுக்காக உயிர் கொடுத்தவன் அவன் நண்பன் மகபத்கான் என்ற முஸ்லிம் வீரன். இருநூறு வருஷங்களுக்கும் மேலாகத் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் இந்தத் தோல்வி வாழ்ந்து வந்திருக்கிறது.

தோற்றவர்களைப் பாடுவதில் நமக்கு இணை நாமேதான். தேசிங்கு தோற்றான், பாடினோம். கட்டபொம்மன் 1799-இல் கயத்தாற்றில் தூக்கில் தொங்கினான், பாடினோம். குற்றம் சொல்லவில்லை; தோற்றவனை மறக்காத ஜனங்கள் நல்ல ஜனங்கள்தாம். ஆனால், படைபலமில்லாத ஒரு சிறு கூட்டம் பெரும்பலத்தை எதிர்த்து ஜெயித்த கதை ஒன்றுகூடவா இந்த நாட்டில் இல்லை என்று சில சமயம் எனக்கு ஆதங்கமாக இருக்கும். அப்போதெல்லாம் என் ஞாபகத்துக்கு வருவது ஒரு கால்பந்து ஆட்டம். வாசகர்கள் சிரிக்க வேண்டாம். 1911-ஆம் வருஷம் ஜூலை மாதம் 29-ஆந் தேதி, சனிக்கிழமை, கல்கத்தா மைதானத்தில் நடந்த கேடயப் பந்தயத்தின் கடைசி ஆட்டத்தைத்தான் சொல்கிறேன்.

கால்பந்து நம் நாட்டுக்குப் பட்டாளத்தோடு வந்தது. பாளயங்களில் பொழுது போகாமல் கிடந்த சிப்பாய்களைக் குடியிலிருந்தும் சண்டையிலிருந்தும் காப்பாற்ற அதிகாரிகள் கண்ட வழிகளில் அதுவும் ஒன்று. 1888-இல் சிம்லாவில் டூராண்டு கோப்பை, 1891-இல் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை, 1893-இல் கல்கத்தாவில் ஐ.எப்.ஏ. கேடயம் என்று வரிசையாகப் பந்தயங்கள் தோன்றின. கேடயத்தை முதலில் வென்றது ராயல் ஐரிஷ் ரைபிள்ஸ் பட்டாளம். அதற்குப் பிறகு பதினேழு வருஷங்கள் எந்த இந்தியக் கோஷ்டியும் அதைத் தொட்டதில்லை.

வங்காளி அந்தக் காலத்தில் ஓர் அவச்சொல்லைச் சுமந்துகொண்டிருந்தான். உடல் வலுவற்றவன், கோழை என்று மெக்காலே எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அரைநூற்றாண்டுக்கு மேலாக வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடிக்கடி சொல்லப்படும் பழியில் ஓர் அபாயம் உண்டு. சுமக்கிறவனே அதை நம்பத் தொடங்கிவிடுவான். விவேகாநந்தர் 1897-இல் நம் சென்னைக்கு வந்து பேசியபோது இளைஞர்களிடம் முதலில் உடம்பை வலுப்படுத்தச் சொன்னார். கீதையைப் படிப்பதைக் காட்டிலும் கால்பந்து அவர்களை மோட்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும் என்ற கருத்தை அவர் வெளியிட்டது சென்னை மேடையில்தான். கேட்டவர்கள் திடுக்கிட்டிருப்பார்கள். ஆனால் அவர் ஊர்ப் பிள்ளைகள் அதற்கு முன்பே பந்தைத் தொட்டுவிட்டார்கள். 1892-லேயே சோபாபஜார் சங்கம், டிரேட்ஸ் கோப்பை ஆட்டம் ஒன்றில் கிழக்கு ஸர்ரே பட்டாளத்தை வென்றிருந்தது.

மோகன் பகான் சங்கம் 1889-இல் வடக்குக் கல்கத்தாவில் பிறந்தது. 1906 முதல் மூன்று வருஷம் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பையை வென்று பேர் எடுத்தது. இதற்கு நடுவே நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1905 அக்டோபரில் கர்ஸான் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிளந்தார். சுதேசி இயக்கம் மூண்டது. அந்நியத் துணி எரிந்தது, வெடிகுண்டு வெடித்தது. அந்தக் காற்று தெற்கேயும் வீசியது. செஞ்சியிலிருந்து மாட்டு வண்டிப் பயணத்தில் அடையக்கூடிய புதுச்சேரியில் பாரதியார் 1908 முதல் அடைக்கலம் புகுந்திருந்தார். 1911 ஜூன் 17-ஆந் தேதி மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதன், கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டு மடிந்தான். அது நடந்து சரியாக ஆறு வாரம் கழித்துத்தான் கல்கத்தா ஆட்டம்.

கேடயப் பந்தயத்தில் மோகன் பகான் முதலில் செயிண்ட் சேவியர்ஸை 3-0 என்றும், கல்கத்தா ரேஞ்சர்ஸை 2-1 என்றும் ஜெயித்தது. அதுவரையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரைபிள் பிரிகேடை 1-0 என்று தோற்கடித்ததும் ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்து மிடில்செக்ஸ் பட்டாளம். முதல் ஆட்டம் 1-1 என்று சமமாக முடிந்தது. மறு ஆட்டத்தில் மோகன் பகான் 3-0 என்று வென்றது. எஞ்சியிருந்தது கிழக்கு யார்க்ஷயர் பட்டாளம் ஒன்றுதான்.

ஆட்டத்தன்று கல்கத்தா நிலைகொள்ளவில்லை. வெளியூர்களிலிருந்து ஸ்பெஷல் ரயில் விட்டார்கள். ஆற்று வழியாக ஸ்டீமர்கள் வந்தன. இரண்டு ரூபாய் டிக்கெட்டு பதினைந்து ரூபாய்க்கு விலைபோனதாம். ஒரு குமாஸ்தாவுக்குப் பதினைந்து ரூபாய் என்பது ஏறக்குறைய ஒரு மாத ஜீவனம். கூட்டம் எண்பதாயிரம் என்று ராய்ட்டர் தந்தி சொல்லிற்று. அத்தனை பேரும் ஆட்டத்தைப் பார்த்திருக்க முடியாது. மரக்கிளைகளில் தொற்றியவர்கள் கொஞ்சம் பார்த்தார்கள். மற்றவர்கள் ஆகாயத்தைப் பார்த்தார்கள். உள்ளே கோல் விழுந்ததும் வெளியே காற்றாடி ஏற்றிக் கணக்கைத் தெரிவிக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒலிபெருக்கியும் ரேடியோவும் இல்லாத காலத்தில் ஒரு காகிதக் காற்றாடி எண்பதாயிரம் பேரின் மூச்சைப் பிடித்துவைத்திருந்தது.

மோகன் பகான் பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் போட்டவர் பின்னணி ஆட்டக்காரர் சுதிர் சாட்டர்ஜி ஒருவரே. எதிரில் நின்றவர்கள் எல்லாரும் கெட்டித்தோல் பூட்ஸ் மாட்டிய சிப்பாய்கள். கோல் கீப்பர் ஹீராலால் முகர்ஜி. முன்வரிசையில் கானு ராய், ஹாபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், பிஜயதாஸ் பாதுரி, அவர் தம்பியும் தலைவருமான சிவதாஸ் பாதுரி. நடுவர் வெள்ளைக்காரர். மைதானமும் வெள்ளைக்காரச் சங்கத்துடையதுதான்.

பாதி ஆட்டம் வரையில் இரு பக்கமும் கோல் இல்லை. பிற்பாதியில் பட்டாளத்துக்கு ஒரு 'ப்ரீ கிக்' கிடைத்தது. ஸார்ஜென்ட் ஜாக்ஸன் உதைத்த பந்து வலைக்குள் புகுந்தது. வெளியே காற்றாடி ஏறியிருக்கும். அதைக் கண்ட கூட்டம் எப்படி அடங்கிப்போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். 'நமக்கு எப்போதும் இப்படித்தான்' என்று யாராவது ஒரு கிழவர் முணுமுணுத்திருப்பார். எந்த ஊர்க் கூட்டத்திலும் அப்படி ஒருவர் உண்டு. ஆனால் வெகுநேரம் ஆகவில்லை. சிவதாஸ் பாதுரி பந்தை வலைக்குள் அனுப்பிக் கணக்கைச் சமப்படுத்தினார். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கும்போது, அதே சிவதாஸ் பந்தைக் கடத்திக்கொண்டு வந்து அபிலாஷுக்குக் கொடுக்க, அவர் அடித்தார். 2-1. நடுவரின் ஊதல் ஒலித்தது. கேடயம் கைமாறியது.

அன்றிரவு கல்கத்தாவில் தூங்கினவர்கள் குறைவு. ஹிந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாகக் கொண்டாடினார்கள். பூட்ஸ் அணிந்த சுதிர் சாட்டர்ஜி கிறிஸ்தவர். பிற்காலத்தில் பாதிரியாராகவும் ஆனார். பதினொருவரில் பலர் கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்தவர்கள். கர்ஸான் கிழித்த கோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்துதான் ஜெயித்தார்கள்.

இந்த வெற்றியால் என்ன நடந்தது? அவ்வருஷம் டிசம்பர் 12-ஆந் தேதி டில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வங்காளப் பிரிவினையை ரத்து செய்தார். தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவதாகவும் அறிவித்தார். கால்பந்தில் தோற்ற வெட்கத்தால்தான் வெள்ளைக்காரன் ஊரைவிட்டே ஓடினான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சொல்லச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை. அந்த யோசனைகள் ஆட்டத்திற்கு முன்பே ஆளுவோர் மேஜைக்கு வந்துவிட்டன. ஒரு கோலுக்காகச் சாம்ராஜ்யங்கள் தலைநகரை மாற்றுவதில்லை.

அப்படியானால் ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்தது. கச்சேரியில், ரயிலில், உத்தியோகத்தில், எங்கே போனாலும் வெள்ளையனுக்கு ஒரு நீதி, கறுப்பனுக்கு ஒரு நீதி. சுண்ணாம்புக் கோட்டுக்குள் மட்டும் பதினொருவருக்கு எதிரே பதினொருவர். பந்துக்கு நிறம் தெரியாது. அந்த ஒரே ஒரு இடத்தில், அவனுடைய விதிகளின்படியே, அவனுடைய நடுவர் முன்னிலையிலேயே அவனைத் தோற்கடித்தார்கள். மணியாச்சியில் வெடித்த துப்பாக்கிக்குப் பதிலாக அடக்குமுறை வந்தது, வழக்கு வந்தது, புதுச்சேரியில் இருந்தவர்களைச் சுற்றி ஒற்றர்கள் நெருக்கினார்கள். ஆனால் கோல் போட்ட அபிலாஷ் கோஷை எந்தச் சட்டத்தின் கீழ்க் கைதுசெய்வது? கைதட்டுவதைத் தவிர ஆளுகிறவனுக்கு வேறு வழியில்லை. ஆங்கிலப் பத்திரிகைகளும் பாராட்டித்தான் எழுதின. வாஞ்சியின் தியாகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு ஜாதி நிமிர்வதற்குப் பல வழிகள் வேண்டியிருக்கின்றன. அவற்றில் இதுவும் ஒன்று என்கிறேன்.

இருந்தாலும், வெற்றிக்கும் ஒரு மயக்கம் உண்டு. பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடியது பழக்கத்தால், ஓரளவு வசதியின்மையால். பின்னால் வந்தவர்கள் அதையே ஒரு கொள்கை ஆக்கிவிட்டார்கள். காய்ந்த தரையில் வெறுங்கால் பந்தை நன்றாகப் பிடிக்கும், சேற்றில் வழுக்கும். கேடயப் பந்தயமோ அந்த நாட்களில் மழைக்காலத்தில் நடந்தது. 1923-இல் மோகன் பகான் மறுபடியும் கடைசி ஆட்டத்துக்கு வந்தது. கல்கத்தா சங்கத்திடம் 0-3 என்று தோற்றது. 1948 ஜூலை 31-இல், லண்டன் ஒலிம்பிக்கில், சுதந்திர இந்தியாவின் கோஷ்டி பெரும்பாலும் வெறுங்காலோடு பிரான்ஸை எதிர்த்து ஆடியது. பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் கோல் போட்டார். ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோல் அது. ஆனால் இரண்டு 'பெனால்டி' வாய்ப்புகளைக் கோட்டைவிட்டு 1-2 என்று தோற்றோம். 1952-இல் ஹெல்ஸிங்கியில் யூகோஸ்லாவியா 10-1 என்று நம்மை அடித்த பிறகுதான் பூட்ஸின் அவசியம் எல்லாருக்கும் உறைத்தது. ஒரு தலைமுறையின் வீரம் அடுத்த தலைமுறைக்கு விலங்காகிவிடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

1911 ஆட்டத்தைப் பற்றி வங்காளத்தில் ஒரு கதை சொல்வார்கள். வெற்றி பெற்றுத் திரும்பும்போது ஒரு முதிய பிராமணர், வில்லியம் கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியைக் காட்டி, "அது எப்போது இறங்கும்?" என்று ஆட்டக்காரர்களைக் கேட்டாராம். "மோகன் பகான் மறுபடியும் கேடயத்தை வெல்லும்போது" என்று பதில் வந்ததாம். மோகன் பகான் இரண்டாம் முறை கேடயத்தை வென்றது 1947-இல்! கதை எழுதிப் பிழைக்கிறவனாகையால் எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. முடிவு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினால், கதை 1947-க்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும். பிறந்தால்தான் என்ன? சிங்கவரத்துப் பெருமாள் முகம் திருப்பிய கதையும் தேசிங்கு மாண்ட பிறகு பிறந்ததாகத்தானே இருக்கும்? நடந்ததைத் தாங்கிக்கொள்ள ஜனங்களுக்கு ஒரு முன்னறிவிப்பு வேண்டியிருக்கிறது.

அந்தப் பதினொருவரை 'அமர ஏகாதசர்' என்று வங்காளிகள் போற்றுகிறார்கள். 2001 முதல் ஜூலை 29-ஐ மோகன் பகான் தினமாகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த 1947 ஆட்டத்தைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அதில் மோகன் பகானிடம் 1-0 என்று தோற்றது எந்தப் பட்டாளமும் அல்ல. 1920-இல் தோன்றிய கிழக்கு வங்காள சங்கம், அதாவது ஈஸ்ட் பெங்கால். கொடி இறங்கிய அதே வருஷம் வங்காளம் மறுபடியும் இரண்டாகப் பிளந்தது. இந்தத் தடவை ரத்து செய்ய எந்த மன்னரும் வரவில்லை. வீடு வாசலை அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தவர்கள் லட்சக்கணக்கில் கல்கத்தாவில் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஊர் போய்விட்டது. ஊரின் பேரைச் சுமந்த ஒரு கால்பந்துச் சங்கம் மிஞ்சியது. அவர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கல்கத்தாவில் இந்த இரண்டு சங்கங்களும் மோதும்போது கூட்டம் ஏன் அப்படிக் கத்துகிறது என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில்.